பதினேழு கல்லும் ஒரு கல்லும்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கல்லெண்ணி என்று பெயர். வைத்தவர்களுக்கு அது கேலி, அவளுக்குப் பெருமை. குழிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் களிமண்ணைக் கரைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சும் கற்களில் முந்நூறை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன கல் என்று பார்த்துப் படிவத்தில் குறிக்க வேண்டும். பதினோரு வருடமாக அதுதான் வேலை. எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்த நிலத்தையே மூடிக் கிடந்த பனிப்பாளம், வந்த வழியிலிருந்த பாறைகளைப் பெயர்த்து இழுத்து வந்து, உருகும்போது இங்கே போட்டுவிட்டது. கல்லின் தாய்ப்பாறை எங்கே இருக்கிறதென்று தெரிந்தால், பனி வந்த வழியும் தெரிந்துவிடும். திருடன் ஓடிவிட்டான், திருட்டு மூட்டை மாட்டிக்கொண்டது என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

திங்கட்கிழமை எண்ணிய முந்நூறில் பதினேழு சிவப்பு. சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கல். அந்தப் பாறை கிழக்கே, பெரிய ஏரிக்கு அப்பால் ஒரே ஒரு குன்றில்தான் உண்டு. ஆய்வுக்கூட இயக்குநரின் வரைபடத்திலோ பனி முழுக்க முழுக்க வடக்கிலிருந்து வந்ததாக அம்புக்குறிகள். முப்பது வருடம் உட்கார்ந்து வரைந்த படம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அவர் படிவத்தைக் கையில் பிடித்தபடி அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது, பதினேழு சிவப்பு?"

"இருந்துச்சு சார். எண்ணினேன்."

"குழிக்குப் பக்கத்துல லாரிப் பாதை போகுது. அதுக்குப் போட்ட கல்லு கிழக்கேர்ந்துதான் வருது. மேலேர்ந்து உருண்டு விழுந்திருக்கும். 'மற்றவை'ல போட்டு, வேற படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

'மற்றவை' என்பது படிவத்தின் கடைசிக் கட்டம். உடைந்த செங்கல், கரித்துண்டு, இன்னதென்று தெரியாதது எல்லாம் அதில் போய் விழும். அப்புறம் எந்தப் பிறவியிலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"கீறல் இருக்கு சார். ஒரு பக்கம் தேஞ்சு தட்டையா இருக்கு. பனி இழுத்துட்டு வந்த கல்லு."

"அந்தக் குன்றுலேயும் பனி இருந்துச்சு. அங்கேயே கீறியிருக்கும். அடுத்த மாசம் உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்குல்ல?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது.

சுட்டாலும், பாதைக் கல்லாக இருக்கலாம் என்று அவர் சொன்னது முள்ளாகக் குத்தியது. மண் எடுக்கப் போனவர்களைப் பிடித்து விசாரித்தாள். முதலில் மென்று முழுங்கினார்கள். பிறகு உண்மை வந்தது: குழியின் சுவரைச் செதுக்கி எடுக்காமல், அடியில் சரிந்து கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மழையாம், பசியாம். சரிந்த மண்ணில் பாதைக் கல்லும் இருக்கலாம், பனிக் கல்லும் இருக்கலாம். எது எதுவென்று யார் சத்தியம் பண்ணுவது?

புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குழிக்கே போனாள். அங்கே பொக்லைன் ஓட்டுவது அவள் அண்ணன்.

"லீவு போட்டுட்டு மனுஷங்க எங்கெங்கயோ போறாங்க. என் தங்கச்சி கல்லு பார்க்க வந்திருக்கா," என்றான் அவன், மேலே உட்கார்ந்தபடி.

"வாயைக் குறைச்சுட்டு பக்கெட்டை எறக்குண்ணா."

அண்ணன் சுவரை ஓர் ஆள் நீளத்துக்கு உள்ளே வெட்டித் தள்ளினான். நாலு மீட்டர் ஆழத்தில், பனி போனதிலிருந்து எவர் கையும் படாத சாம்பல் நிறக் களிமண் வெளியே வந்தது. கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அவள் கரண்டியோடு இறங்கிச் சுரண்ட ஆரம்பித்தாள். சாம்பல் கல், கருப்புக் கல், மறுபடியும் சாம்பல். இரண்டு மணி நேரத்தில் முழங்கை விட்டுப்போயிற்று. பிறகு, நகம் அளவுக்குச் சிவப்பாக ஒரு முனை தெரிந்தது.

அதை அவள் தொடவில்லை. கல்லைச் சுற்றிக் களிமண்ணைத் தலையணை அளவுக்குக் கட்டியாக அறுத்து, ஈரத்துணியில் சுற்றினாள்.

"புடுங்கிட்டுப் போக வேண்டியதுதானே? இதையும் சேர்த்துச் சுமக்கணுமா?"

"நான் புடுங்கக் கூடாதுண்ணா. வேற ஒருத்தர் புடுங்கணும்."

"வேலை போயிடுச்சுன்னா?"

"போகட்டும். கண்ணால பார்த்ததைப் பார்க்கலேன்னு என்னால எழுத முடியாது."

மறுநாள் காலை இயக்குநரின் மேசையில், விரித்து வைத்திருந்த வரைபடத்துக்குப் பக்கத்தில், கட்டியைத் தட்டோடு வைத்தாள்.

"நாலு மீட்டர் ஆழம் சார். சுவர்லேர்ந்து வெட்டினது. உள்ள ஒரு கல்லு இருக்கு. என்ன கல்லுன்னு நீங்களே பாருங்க."

அவர் முறைத்தார். ஆனால் களிமண்ணைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. அது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பேனாக்கத்தியை எடுத்துவிட்டார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை அவளே ஒப்புக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கி, கல்லைச் சேதமில்லாமல் வெளியே எடுத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். சிவப்பு, வெள்ளைப் புள்ளி, ஒரு பக்கம் முழுக்க ஒரே திசையில் இணைகோடுகளாகக் கீறல். கல் இருந்த பள்ளத்தில் அதைத் திரும்ப வைத்துப் பார்த்தார். ஓட்டுக்குள் முட்டை போல இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. உருண்டு வந்த கல் அப்படி உட்காராது.

"முப்பது வருஷம்மா," என்றார் மெதுவாக.

அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காகக் கோபத்தை விட்டுவிட அவள் தயாராக இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"மண்ணுலேர்ந்து கல்லை யார் எடுக்கிறாங்களோ, அவங்கதான் பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். நீங்க போட்ட விதி சார். சுவர்ல ஒட்டியிருக்கு."

அவர் சுவரைப் பார்க்கவில்லை. "திட்டம் போட்டுத்தான் வந்திருக்கீங்க."

"ஆமா சார்."

"அந்தப் பதினேழு?"

அவள் பழைய படிவத்தை எடுத்து, அவர் கண்ணெதிரே பதினேழை அடித்தாள். ஓரத்தில் 'சரிந்த மண், செல்லாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அதுல நீங்க சொன்னது சரி. பாதைக் கல்லு இல்லேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அடிச்சிட்டேன்."

"அப்ப ஒரே ஒரு கல்லு. ஒரு கல்லுக்காக நான் படத்தை நிறுத்தணுமா?"

"நிறுத்த வேண்டாம் சார். அந்தச் சீட்டுல 'மற்றவை'ன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. நாளைக்கே அச்சடிக்கலாம்."

பேனாவின் மூடியைக் கழற்றினார். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலை போனாலும் போகட்டும், இதைப் பார்க்காமல் அவள் நகரப் போவதில்லை.

அவர் எழுதினார். கல்லின் பெயர், ஆழம், தேதி, கையெழுத்து. 'மற்றவை' என்ற சொல்லை எழுத அந்தக் கைக்கு வரவில்லை. பிறகு, மூடாத பேனாவோடு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, கிழக்கே ஏரிக்கு அப்பால் ஒரு கேள்விக்குறி போட்டார்.