பூனைக்குக் கொடுத்த மயக்க மருந்து

துரையின் பூனைக்கு டிரெஸர் ஜோசப்ராஜ் பல் பிடுங்கியது தோட்டம் முழுக்கத் தெரிந்துபோனது. வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு மோதிக்கொண்டிருந்த அவசரகாலம். ரெம்பாவைத் தாண்டிச் சிரம்பான் போகும் பாதையில் முந்தின வாரம்தான் காட்டுக்குள் பதுங்கியிருந்தவர்கள் ஒரு லாரியைக் கொளுத்தியிருந்தார்கள். கிழட்டுப் பூனையை மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக யாருக்குத் தலையெழுத்து? துரைசானி சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பூனை அது. மூன்று பல் சொத்தை. துரை உத்தரவு போட்டார், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் பல் இடுக்கியை எடுத்தார்.

பிடுங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுத்தமான வேலை. ஆனால் பூனை நோகாமல் தூங்கட்டும் என்று மயக்க மருந்து கொடுத்தாரே, அதுதான் அவரைப் போட்டு அரித்தது.

அதற்கு ஐந்து நாள் முன்னால், பங்களாச் சமையற்கட்டில் வேலை செய்யும் ராக்கம்மாவுக்கு இதே கையால் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தார். மரத்துப்போகும் ஊசி ஸ்டாக் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்றார். எந்தப் பல்லைக் கடிப்பாள், பாவம். இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஊசி இருந்தது. மருந்து காட்டுக்குள் இருப்பவர்கள் கைக்குப் போய்விடக்கூடாதென்று அலமாரியைப் பூட்டிச் சாவியைத் துரை தன்னிடம் வைத்திருந்தார். கேட்டால் கொடுத்துவிடுவார். கொடுக்குமுன் யாருக்கு, எதற்கு என்று குடைவார், கூலிப் பொம்பளைக்கு இதெல்லாம் வேண்டுமா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து டிரெஸர் பங்களா மேட்டில் ஏறவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. பூனைக்கென்றதும் துரையே சாவியோடு இறங்கி வந்தார்.

பூனையைப் பார்த்துக்கொள்ளும் வேலை ராக்கம்மாவுக்கு வந்து சேர்ந்தது. கஞ்சியைக் குழைத்து, மீனில் முள்ளெடுத்து மசித்து, விரலில் தொட்டுத் தொட்டு ஊட்டினாள். அவளுக்கோ பொதுக் கொட்டகையில் வேகவைத்து அளந்து கொடுக்கிற சோறு. காட்டுக்கு அரிசி போகக்கூடாதாம். அந்த விறைத்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றாள்.

பூனைக்குப் பல் பிடுங்கிய நான்காம் நாள் காலையில் டிரெஸர் பையோடு சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். ராக்கம்மா கன்னத்தைத் துண்டால் கட்டியிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து துண்டை அவிழ்த்தாள், வெளிச்சத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது. தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

"பூனை எங்க?" என்று கேட்டுவிட்டார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ராக்கம்மா வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போய்ப் பூனையை எடுத்து வந்து மடியில் வைத்து, அதன் வாயைப் பக்குவமாகப் பிளந்து பிடித்தாள்.

"கடிக்காதுங்க ஐயா. பாவம்லா இது."

பூனையின் ஈறு அழகாக ஆறியிருந்தது. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் டிரெஸர் அதைத் துடைத்தார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ராக்கம்மா, அன்னைக்கு ஊசி இருந்துச்சு."

"தெரியுங்க ஐயா. கண்ணாடி அலமாரிதானே. நீங்க இழுக்கிறப்ப அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் பூனையின் தாடையைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். ஜோசப்ராஜுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"ஒனக்குப் பென்சிலின் போடணும். வுட்டா தாடையெல்லாம் போயிரும். இரு, இப்பவே போய் சாவி கேக்குறேன்."

துரை முன்வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ராக்கம்மாவுக்கு என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு பெயர்தான், நடக்கும்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். போய் நின்று, மருந்து அலமாரிச் சாவி வேண்டும் என்றார்.

துரை தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் கேட்டார். "பூனைக்குத்தானே?"

"ஆமாங்க துரை."

மறு கேள்வி இல்லை. சாவி கைக்கு வந்துவிட்டது.

வராந்தாவுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர், இங்கே பேசினால் அங்கே கேட்கும். டிரெஸர் திரும்பி வந்தபோது ராக்கம்மா பூனையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"இதையும் தூக்கிக்கிட்டே வரேங்க ஐயா. நான் மட்டும் ஆஸ்பத்திரிக்கு எறங்கிப் போனா, தொரை ஒங்களத்தான் கேப்பாரு."

ஜோசப்ராஜ் சாவியோடு முன்னால் இறங்கி நடந்தார்.