பொய்யர் பாலம்

வலது தோள்பட்டையில் தொடங்கிய வலி முழங்கை வழியாக இறங்கிக் கட்டைவிரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. கரணையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, மடங்கினால் விரியவில்லை. ஒரே சுவரை மூன்றாவது தடவையாகப் பூசிக்கொண்டிருந்தேன். சுவர் கோணலாக இருந்ததால் அல்ல. நேராக இருந்ததால்.

துபாய்ப் பக்கம் புஜைரா கடற்கரையில் நாங்கள் கட்டிய ஓட்டலின் முற்றம், ஐரோப்பாவில் உள்ள ஐந்நூறு வருஷத்துத் தெரு மாதிரி இருக்கவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. எட்டு மாதத்துக்குள் அதற்கு ஐந்நூறு வயது ஆகியிருக்கவேண்டும். நான் ஒன்பது வயதில் கல்லுடைக்கப் போனவன். பதினெட்டில் கொத்தனார். தூக்குக்குண்டு நூலளவு விலகினாலும் மேஸ்திரி மட்டப்பலகையாலேயே முதுகில் போடுவார். அப்படி அடிவாங்கி நேரான கை இது. இப்போது கோணலாகப் பூசு என்கிறார்கள். பூசினேன். ‘வேண்டுமென்றே செய்த கோணல்’ என்று கன்சல்டன்ட் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

சைட் எஞ்சினியர் ஒவிடியூ ருமேனியாக்காரர். எங்களோடு தரையில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரே வெள்ளைக்காரர். அவர்தான், இவனை என் ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கையால் தொட்டுப் பார்த்தால் புரியும் என்று யோசனை சொன்னார். ஊர் பெயர் சிபியூ. பாரிஸ், லண்டன் என்றால் எல்லோருக்கும் தெரியும், என் ஊருக்கு யாரும் வருவதில்லை, அதனால்தான் அது இன்னும் ஊராக இருக்கிறது என்றார். ப்ராஜெக்ட் மேனேஜர் பத்மநாபன் சாருக்கு யோசனை பிடித்துப்போனது. கொத்தனாரைக் கூட்டிப்போக ஒரு மேனேஜர் வேண்டுமல்லவா.

இந்தப் பயணத்தில் என் லீவு போய்விடுமோ என்று எனக்குப் பயம். அது 2006 ஏப்ரல். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற அறுபது நாள் லீவும் ஊர் டிக்கெட்டும் எனக்கு ஜூலையில் வரவேண்டியவை. நான் ஊரிலிருந்து விமானம் ஏறியபோது மனைவி ராதிகா மூன்று மாதக் கர்ப்பிணி. மகன் பிறந்து பதினைந்து மாதமாகியும் நான் முகம் பார்க்கவில்லை. ஆடியில் அய்யனார் கோயிலில் அவனுக்கு முதல் மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்திருந்தோம். அப்பன் வந்துதான் முடி இறக்குவது என்று பிறந்த முடியைக் கத்தரிக்காமல் வைத்திருந்தாள்.

ஐந்து நாள் பயணம். நேபாளிக் காவலாளியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். புக்கரெஸ்டில் இறங்கி ஒவிடியூவின் தம்பி காரில் மலை ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் அழகுதான், பொய் சொல்லமாட்டேன். கூரை ஒவ்வொன்றிலும் பாதி மூடிய கண் மாதிரி ஜன்னல்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் போர்மேன் நாற்காலியில் சாய்ந்து பார்ப்பாரே, அதே கண். தூங்குகிற மாதிரி இருக்கும், யார் கரணையைக் கீழே வைத்தார்கள் என்று தெரிந்திருக்கும். பத்மநாபன் சார் ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே நின்றுகொண்டு தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கடையில் மஞ்சள் சோளக் களி வந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டு, ஐரோப்பியச் சாப்பாட்டுக்கே தனி நாகரிகம் என்றார். ஊரில் களி தின்றவனை எந்த நாகரிகத்தில் சேர்ப்பார் என்று கேட்கவில்லை.

கூத்து என்னவென்றால் ஊர் முழுக்கச் சாரம் கட்டியிருக்கிறார்கள். மறு வருஷம் ஏதோ பெரிய விழாவாம். விரிசலை அடைத்து, உதிர்ந்ததைச் சுரண்டி, புதுப் பூச்சுப் போட்டு வண்ணம் அடிக்கிறார்கள். அவர்கள் கிழத்தைக் குமரியாக்கிக்கொண்டிருக்க, குமரியைக் கிழமாக்கும் வித்தை படிக்க நான் போய் நிற்கிறேன். ஒரு கொத்தனார் இறங்கி வந்து என் கட்டைவிரலைப் பார்த்தார். தன்னுடையதை நீட்டினார். அதே வீக்கம். கரணையை என்னிடம் கொடுத்துச் சுவரைக் காட்டினார். நாலு இழுப்பு இழுத்ததும் விஷயம் பிடிபட்டது. அந்தச் சுவரை யாரும் கோணலாகப் பூசவில்லை. நேராகத்தான் பூசியிருக்கிறார்கள். பூச்சுக்கு அடியில் இருக்கிற சுவர்தான் காலப்போக்கில் வளைந்திருக்கிறது. ஆக, கல்லை வளைத்து வைத்துவிட்டுப் பூச்சை யோக்கியமாகப் பூசவேண்டும். வந்த வேலை அரை மணியில் முடிந்தது. மிச்சமெல்லாம் சாரின் படங்கள்.

கடைசி நாள் ஒவிடியூவின் தம்பி ஒரு சின்ன இரும்புப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். அதற்குப் பொய்யர் பாலம் என்று பெயர். பொய்யன் ஏறி நின்றால் முனகி இடிந்து விழும் என்று அந்த ஊரில் கதை. சார் கைப்பிடியில் சாய்ந்து படத்துக்கு நின்றார். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கேட்டேன்.

“சார், இந்த அஞ்சு நாளு டூட்டிதானே? ஜூலை லீவுல கை வைக்க மாட்டாங்களே?”

“என்ன சோலை, இது கம்பெனி வேலையில்லையா? டூட்டிதான். உன் லீவை எவன் தொடுவான், நான் இருக்கும்போது?”

பாலம் முனகவில்லை. குனிந்து பார்த்தேன். வார்ப்பிரும்பு. லாரி ஏறினாலும் தாங்கும். தொழில் தெரிந்தவன் அதன் சாட்சியை நம்பியிருக்கக் கூடாது. நம்பினேன்.

திரும்பி வந்து கல்லை வளைத்து வைத்து சுவரைப் பூசினேன். கன்சல்டன்ட் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். ஜூனில் லீவு சீட்டு எழுதப் போனால், ஆபீஸில் டைம்கீப்பர் ஸ்ரீனிவாசன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“அண்ணே, கம்பெனி டிக்கெட்ல நாட்டை விட்டு வெளிய போய்ட்டு வந்தா இதுல லீவுன்னுதான் ஏறும். வேற கட்டமே கிடையாது. உங்களுக்கு அடுத்த லீவு இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு.”

மீதி ஐம்பத்தைந்து நாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது டிக்கெட்டோடு ஒட்டியது, டிக்கெட் போனால் அதுவும் போனது என்றான். சொந்தக் காசில் போகிறேன் என்றேன். லீவு சீட்டு இல்லாமல் பாஸ்போர்ட்டைக் கையில் தரமாட்டார்களாம். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்கும் சம்பளம் அந்தத் திரைதான் போடுகிறது.

பத்மநாபன் சாரிடம் போனேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பாலத்துப் படம் இருந்தது. நான் எடுத்தது.

“எத்தனை பேருக்குய்யா கிடைக்கும் ஐரோப்பா? காசு கொடுத்து ஜனங்க போறாங்க. உனக்குச் சும்மா காட்டியிருக்கு. ஊரு எங்கய்யா ஓடிப்போகுது?”

“ஊரு ஓடாது சார். புள்ள வளருது.”

ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை முதலாளி பார்த்துவிட்டாராம். நீச்சல் குளத்துக்குக் குறுக்கே அதே மாதிரிப் பாலம் வேண்டும் என்றார். ஒரிஜினலைத் தொட்டுப் பார்த்தவன் என்று வேலை என் தலையில் விழுந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பியை இடைவெளி விட்டு லேசாகக் கட்டிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கை கேட்கவில்லை. சொன்னதைவிட நெருக்கமாகவே கட்டியது. இரும்பு மாதிரித் தெரிய மேலே பூச்சுப் போட்டுக் கறுப்படித்தேன்.

திறப்பு விழாவில் பத்மநாபன் சார் கோட்டுப் போட்டுக்கொண்டு அதன் நடுவில் நின்று வந்தவர்களுக்குப் பொய்யர் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டு, பாருங்கள் என்று ஒருமுறை குதித்தும் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பாலம் அசையவில்லை. நான் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று போனில் ராதிகா, மகனுக்கு முடி தோளைத் தொட்டுவிட்டது, இரட்டைச் சடை போட்டிருக்கிறேன், பார்க்கிறவர்கள் பொம்பளைப் பிள்ளை என்கிறார்கள் என்றாள். எப்போது வருவேன் என்று கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திக் கொஞ்ச நாளாகிறது.

கம்பெனி எனக்கு அறுபது நாள் லீவும் ஒரு ஊர் டிக்கெட்டும் தரவேண்டும். நான் அய்யனாருக்கு என் மகன் தலைமுடி தரவேண்டும்.