வலப்பக்கம் துடித்தது

1

கையில் சூடு ஆறாத எக்ஸ்ரே படத்தோடு மாடிப்படியில் ஓடுகிறாள் படமெடுப்பவள். லிஃப்ட் வரவில்லை. மூன்றாம் மாடி. ஆறு வயதுக் குழந்தையின் காதுக்குள் சின்னக் குழாய் பொருத்த இன்னும் ஐந்தே நிமிடம்!

[பொய். இருபது நிமிடம் இருந்தது. வாராவாரம் தொடர்கதையில் ‘திடுக்’ எழுதிப் பழகிய கைக்கு இருபது என்று எழுத வராது.]

2

கதை எங்கே கிடைத்தது? ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில். யார் சொன்னது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் வரைவில் படமெடுப்பவளை ஆணாக்கி மீசையும் வைத்தேன். ஓட்டத்தில் மீசை ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.

குழந்தைக்கு வீட்டில் ‘என்ன ராணி’ என்று பட்டம். எதைச் சொன்னாலும் "என்ன?" என்பாள். இரண்டு காதுக்குள்ளும் சளி, பசை மாதிரி. இரண்டு வருடம் முன்பு இடது காதில் குழாய் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காது வடிகிறது. தலையணையெல்லாம் கறை, வகுப்பில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இன்று வலது காதுக்கும் குழாய்; மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு நெஞ்சுப் படம்.

அன்று காலை வானம் கறுத்து— வேண்டாம். எக்ஸ்ரே அறைக்கு ஜன்னலே கிடையாது.

3

"மூச்சை இழுத்துப் பிடிம்மா."

"என்ன?"

"மூச்சு! மூச்சு!"

"கத்தினா திட்டுறீங்கன்னு நெனச்சுக்குவா, அக்கா. கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள் அம்மா. மடியில் இந்தப் பத்திரிகை. "இந்தத் தொடர் படிக்கிறீங்களா? குற்றவாளி யாருன்னு சொல்லவே மாட்டேங்கிறாங்க. எழுதுற ஆளு கையில கிடைக்கட்டும்!"

படமெடுப்பவள் மண்டியிட்டாள். குழந்தையின் கையைத் தன் மார்பில் வைத்து, தன் கையைக் குழந்தையின் மார்பில் வைத்து, மூச்சை இழுத்துக் காட்டினாள்.

உள்ளங்கையில் துடிப்பு. குழந்தையின் வலப்பக்கம்.

திரையிலும் அப்படியே. இதயம் வலது பக்கம் விழுந்தால், படம் புரண்டுவிட்டது என்று ஒரு பொத்தானைத் தட்டித் திருப்பிவிட்டு, பிறகு ‘இடது’ என்று எழுத்தை ஒட்டுவது அந்த அறையின் பழக்கம். விரல் பொத்தானுக்குப் போனது. நின்றது.

இனி நீங்கள் முதல் பகுதியில் பார்த்த ஓட்டம்.

4

"டாக்டர்... நிறுத்துங்க! இதயம்... வலது பக்கம்!"

காது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அம்மாவைக் கூப்பிட்டார். "சளி எப்பலேருந்து?"

"பொறந்த அன்னிக்கே மூச்சுத் திணறல். அதுலேருந்து ஒரு நாள்கூட மூக்கு காயலை, டாக்டர்."

"குழாய் வேண்டாம்" என்றார் டாக்டர்.

(அடிக்குறிப்பு எழுதத் தெரியாது, இங்கேயே சொல்கிறேன். மூக்கிலும் நுரையீரலிலும் காதின் உட்புறத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அசைந்து அசைந்து சளியைத் தள்ளுகின்றன. சிலருக்குப் பிறப்பிலேயே அவை அசையாது. கருவில் இதயத்தை இடப்பக்கம் அனுப்புவதும் அத்தகைய அசைவுதான்! அது இல்லாவிட்டால் இதயம் எந்தப் பக்கமும் போகலாம். எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.)

"இந்த நோய்னா, குழாய் வெச்ச காது பல பேருக்கு வடிஞ்சுக்கிட்டே இருக்கும். சோதனை பண்ணி உறுதி செய்வோம். அதுவரைக்கும் கேக்கிறதுக்குக் காதுக் கருவி போதும். இது அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் வர்றது."

"அப்ப எங்க தப்பா?"

"யார் தப்பும் இல்லம்மா."

அம்மா படமெடுப்பவளின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கணும், அக்கா."

5

முடிவு ஒன்று: குழந்தை புதுக் கருவியை மாட்டிக்கொண்டு, "ஏம்மா இப்படிக் கத்துற?" என்கிறாள். (இது நடந்தது.)

முடிவு இரண்டு: படமெடுப்பவள் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று— (இது நடக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் மருந்துச் சீட்டைப் பற்றிப் பேசி அனுப்பினேன்.)

ஆமாம், கூப்பிட்டேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அதை எழுத வேண்டியவர் மடியில் இந்தப் பத்திரிகை இருக்கிறது. அம்மா, குற்றவாளி யாரென்று கேட்டீர்களே. அன்று மாலை பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு வருடம் முன்பு, முதல் குழாய்க்கு முன்னால் எடுத்த மூலப் படத்திலும் உங்கள் மகளின் இதயம் வலப்பக்கம்தான் இருந்தது. பொத்தானைத் தட்டி அதைத் திருப்பியது, நீங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்ட இதே கைதான்.