ஆயிரத்து நூறு கஜச் சமையலறை

டெல்மர் ஹாகன்ஸன் வீட்டுச் சமையலறையில், அவனுக்கும் அவன் மனைவி ஆர்லீஸுக்கும் நடுவே ஆயிரத்து நூறு கஜ தூரம் வந்து விழுந்தது. நவம்பர் மாதம், இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்த நேரம். வெளியிலிருந்து பார்க்க வீடு எப்போதும் போலத்தான் இருந்தது. மேசையை அளந்தால் ஆறடிதான். வேறு யார் போய் உட்கார்ந்தாலும் கையை நீட்டி உப்பை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் இருவருக்கு நடுவே மட்டும் புதர்க்காடும் பாறையும் பனியும் காற்றும் கிடந்தன. மோன்டானாவில் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தூரம் ஒன்றும் புதிதில்லை, பல் பிடுங்கவே இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறவர்கள் நாங்கள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஊர் இதை விட்டுவிட்டு மாட்டு விலையைப் பேச ஆரம்பித்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் துப்பாக்கிதான் காரணம் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது அபாண்டம். அது நல்ல துப்பாக்கி. குதிரை சரிந்து இடது முட்டியின் மேல் விழுந்த பிறகு டெல்மரால் மலையேற முடியாமல் போயிற்று. எல்க் மான் கறி இல்லாமல் குளிர்காலத்துக்குள் நுழையும் வீட்டை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்பார்கள். மானிடம் தான் போக முடியாவிட்டால் குண்டு போகட்டும் என்று டெல்மர் முடிவு செய்தான். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து திட்டம் போட்டான். நீண்ட, கனமான குண்டுக்குத் தோதாக உள்ளே முறுக்குப் பள்ளம் வெட்டிய குழலைப் பக்கத்து மாநிலத்தில் சொல்லிவைத்து, வருமா வராதா என்று காத்துக்கிடந்தான். துப்பாக்கியின் அடிக்கட்டையை அவன் கன்னத்துக்கும் தோளுக்கும் அளவெடுத்து வால்நட் மரத்தில் செதுக்கிக் கொடுத்தவன் ஆர்லீஸின் தம்பி வெர்ன். கடையில் விற்கும் தோட்டா டெல்மருக்குச் சரிப்படாது. கார் நிறுத்தும் கொட்டகையில் மேசை போட்டு, பித்தளைக் கூடுகளை எடை பார்த்துப் பிரித்து, வெடிமருந்தைத் தராசில் மணிமணியாகச் சொட்டவிட்டு, ஒவ்வொரு தோட்டாவையும் தானே அடைத்தான். மயிரிழை நீளம் கூடினாலும் அதைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவான். தராசு முள் ஆடுகிறது என்று துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டவிட மாட்டான்.

"உன் ஒரு பொடி மருந்துக்காக ஒரு வாரத் துணி நாறிட்டுக் கிடக்கு" என்று ஆர்லீஸ் கத்துவாள்.

"நாறட்டும். காத்து மான் இருக்கற பக்கம் வீசாம இருந்தா சரி" என்பான் அவன்.

ஆனால் அவள் மனசில் உறுத்தியது துணி இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. சுட்ட பிறகு, பட்டதோ தப்பியதோ, மிருகம் நின்ற இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தாக வேண்டும். தரையில் குனிந்து மயிரோ ரத்தமோ இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆர்லீஸின் அப்பா காய்ச்சலோடு இடுப்பளவு பனியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அதனால் நடக்கத் துணியாத தூரத்துக்கு இங்கே யாரும் குறி வைப்பதில்லை.

"உன் குண்டு அந்தப் பெரும்பள்ளத்தத் தாண்டிரும். நீ தாண்டுவியா?" என்று அவள் கேட்டாள்.

"முட்டி சரியாயிடும்."

"முட்டி சரியாயிட்டா இந்தத் துப்பாக்கியே தேவையில்லையே, டெல்மர்."

அவன் சிரித்து மழுப்பினான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஓடை ஓடும் அந்தப் பெரும்பள்ளத்தின் இந்தக் கரையில் படுத்துக்கொண்டு, ஆயிரத்து நூறு கஜத்துக்கு அப்பால் எதிர்ச்சரிவில் மேய்ந்த ஒரு பெட்டை எல்க்கைக் குறிபார்த்தான். காற்று, குளிர், சரிவு, உயரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தான். அவ்வளவு தூரம் போய்ச் சேரக் குண்டுக்கு ஒரு நொடிக்கு மேலாகும். அந்த நேரத்தில் மான் புல்லுக்குத் தலையைத் தாழ்த்தியது. மானுக்குப் பசிக்கும் என்பது ஒன்றுதான் அவன் கணக்கில் விட்டுப்போனது. பின்னால் பாறையில் புழுதி கிளம்பியது, கூட்டம் முகட்டைத் தாண்டி ஓடிவிட்டது. தப்பிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ச்சரிவில் ஏற வேண்டும். முட்டியைப் பார்த்தான், இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏதாவது கிடைச்சுதா?" என்று ஆர்லீஸ் கேட்டாள்.

"தப்பிருச்சு."

"போய்ப் பாத்தியா?"

"பாத்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்ல."

சொல்லிவிட்டு உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டினான். வாங்க முடியாத தொலைவில் அவள் இருந்தாள்.

மறுநாள் வெர்ன் வந்து, டெல்மரின் தூரம் அளக்கும் கருவியை வாங்கி அக்காவை நோக்கிப் பிடித்தான். ஆறடி காட்டியது. டெல்மர் பிடித்தபோது ஆயிரத்து நூறு காட்டியது. பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டு, காபி குடித்து, கருவியில் மின்கலம் தீர்ந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் உதடு அசைந்து மூன்று நொடி கழித்துத்தான் குரல் வந்தது. முகம் பார்க்க வேண்டுமானால் டெல்மர் துப்பாக்கியின் தொலைநோக்கியைக் கழற்றிக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். பெண்டாட்டியை அந்தக் குறிவைக்கும் குறுக்குக்கோட்டுக்கு நடுவே பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தான், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்போதும் அவனுக்குப் புத்தி வேறு பக்கம் போனது. பித்தளையும் மருந்துமாகவே இரண்டு வருஷம் இருந்தவனுக்கு எல்லாமே தோட்டா அடைப்பில் இருக்கும் கோளாறாகத் தெரியும். குண்டு எட்டும் தூரத்தைக் குறைத்தால் வீட்டுத் தூரமும் குறையும் என்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அடைத்துக்கொண்டே போனான். கடைசியில் அந்தத் துப்பாக்கி வேலிக்கம்பத்துத் தகரத்தைக்கூடத் துளைக்காத நிலைக்கு வந்தது. சமையலறை ஒரு கஜம்கூடச் சுருங்கவில்லை.

பனி உருகத் தொடங்கியபோது அவன் வாயைத் திறந்தான். "நான் போய்ப் பாக்கல, ஆர்லீஸ்!" என்று அடித்தொண்டையில் கத்தினான். அது போய்ச் சேரும்வரை காத்திருந்தான். பதில் திரும்பி வரும்வரையும் காத்திருந்தான்.

"தெரியும். ஓடையத் தாண்டினவன் பூட்ஸ் காஞ்சு போயா இருக்கும்? இப்பவாவது போய்ப் பாரு."

காலை இழுத்துக்கொண்டு, விடிந்து கிளம்பியவன் நடுப்பகலுக்குப் போய்ச் சேர்ந்தான். முகட்டுக்கு அந்தப் பக்கம், ஊற்றோரத்தில் எலும்புக்கூடு கிடந்தது. கீழ்த்தாடை இல்லை, குண்டு அதைக் கொண்டுபோயிருந்தது. படுத்துக் கிடந்த இடத்தைச் சுற்றி மண் தேயத் தேய மிதிபட்டிருந்தது, சாக வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். ஊற்றைச் சுற்றிலும் போன வருஷத்துப் புல் வாய் படாமல் முழங்கால் உயரம் நின்றது. வீட்டுக்கு வந்து, பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவன் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகும் அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. தூரம் அப்படியேதான் இருந்தது.

"நான் அங்க வரமாட்டேன். வேணும்னா நீ வா" என்றாள் ஆர்லீஸ்.

அவன் நடந்தான். வாரநாளில் முட்டி இடம் கொடுக்காது, ஞாயிற்றுக்கிழமை மட்டும். தடித்த கோட்டும் கைத்தடியுமாக மதியம் நாற்காலியை விட்டு எழுந்தால், இருட்டுவதற்குள் அவள் பக்கம் போய்ச் சேருவான். கோட்டில் பனி ஒட்டியிருக்கும், அவள் தட்டிவிடுவாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடிகாரத்தைப் பார்க்க அவன் தலையைத் திருப்பினால் போதும், பழையபடி தன் பக்கத்தில் இருப்பான். இப்படியே பதினாறு வருஷம் போயிற்று. வெர்ன் கல்யாணம் செய்து, விவாகரத்து செய்து, மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டான். "எங்க அக்காவுக்காக எங்க மாமா நடந்த நடைக்கு, என் ரெண்டு பொண்டாட்டிக்காகவும் நான் எந்திரிச்சுக் கதவுகூடத் திறக்கல" என்று மதுக்கடையில் சொல்லுவான்.

ஒரு பிப்ரவரி ஞாயிறு, பாதி வழியில் டெல்மர் உட்கார்ந்துவிட்டான். ஆர்லீஸ் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தாள். அப்புறம் அந்தக் கறுப்புப் புள்ளி பக்கவாட்டில் சாய்ந்தது. வரமாட்டேன் என்று சொன்னவள், அத்தனை வருஷம் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவள், அடுப்பை அணைத்துவிட்டு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள். விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு இருந்தது.

"நீ எதுக்கு வந்த?" என்றான்.

"பாக்க வந்தேன். விழுந்துட்டா போய்ப் பாக்கணும் இல்ல?"

அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இந்த முறை குரல் சொன்ன உடனே கேட்டது. பேச அதிக நேரம்தான் இல்லை.

திங்கட்கிழமை வெர்ன் கதவைத் திறந்தபோது ஆர்லீஸ் அவன் தலையை மடியில் வைத்தபடியே மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அறை வெதுவெதுப்பாக இருந்தது. செத்துக் கிடந்த டெல்மரின் புருவத்தில் பனி உருகாமல் இருந்தது. மரண விசாரணை அதிகாரி, குளிரில் உறைந்து மரணம், இடம் சமையலறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் அவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தூரம் அப்படியேதான் இருக்கிறது, அவளுக்கும் அவன் நாற்காலிக்கும் நடுவே. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஆர்லீஸ் நடக்கிறாள். மதியம் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறாள். அந்த நேரத்தில் ஊரில் யாரும் அவளுக்குப் போன் செய்வதில்லை.