எண்பத்தெட்டுக்கு மேல் ஆள் இல்லை

எல்லாரும் சுகமா? வீட்டில் சின்னது பெரியது எல்லாம் நன்றாக இருக்கிறார்களா? சளி, இருமல், இடுப்புப் பிடிப்பு என்று யாராவது படுத்திருந்தால் படுத்தபடியே படியுங்கள், இதற்காக எழுந்து உட்கார வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வலது மணிக்கட்டு மட்டும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன வேலை செய்து பிடித்துக்கொண்டது என்றால், என் மருமகள் அடி வாங்குவதை எண்ணி எண்ணித்தான்.

மருமகள் டவுன் பஸ் ஓட்டுகிறாள். காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டுக் கராத்தே கிளாஸுக்குப் போய்விடுவாள். பதினோரு வருஷமாக இதுதான். என் மகன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கொசுவை அடிக்கக்கூடக் கை ஓங்கிவிட்டு, போனால் போகட்டும் என்று விட்டுவிடுவான். இந்த இரண்டு பேரும் எப்படி ஜோடி சேர்ந்தார்கள் என்பது தனிக் கதை, இப்போது வேண்டாம்.

அவர்கள் கிளாஸில் 'நூறு பேர் சண்டை' என்று ஒரு பரீட்சை உண்டு. ஒருத்தி நடுவில் நிற்க வேண்டும். எதிரே ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரு நிமிஷம் சண்டை போடுவார்கள். மணி அடித்ததும் அரை நிமிஷம் மூச்சு வாங்கலாம், அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட வேண்டும். இப்படி நூறு தடவை. ஜெயிக்க வேண்டும் என்றில்லை, நின்றால் போதும். விழுந்து பத்து எண்ணுவதற்குள் எழுந்திருக்காவிட்டால் அவ்வளவுதான். எழுந்திருக்கிறவளை யாராவது தொட்டுத் தூக்கினாலும் அவ்வளவுதான். பேர்தான் நூறு பேரே தவிர, கிளாஸில் இருப்பது இருபத்தேழு பேர். அவர்களே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை வரக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை நின்றாள். அறுபத்து மூன்றாவதில் முழங்கால் மடங்கி விழுந்தாள், பத்து எண்ணி முடித்துவிட்டார்கள். மறுபடி கேட்க இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், நாற்பது வயது முடிந்தவர்களை விடவும் மாட்டார்கள். இவளுக்கு வரும் மாதம் நாற்பது. ஆக, அந்த ஞாயிறை விட்டால் இனி இல்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை.

என்னை எண் அட்டை திருப்ப உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் கம்பியில் கோத்த பெரிய அட்டையைத் திருப்ப வேண்டும். நல்ல இடம், எல்லாம் பக்கத்தில் தெரிந்தது.

இப்போது அவர்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். பரீட்சைக்கு முன்னால் நிற்கிறவர் ஒரு மணி நேரம் குதிரை நிலையில் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கண்ணுக்குத் தெரியாத குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி, காலை அகட்டி, தொடையை மடக்கி, அசையாமல். மருமகள் இரண்டு வருஷமாக வீட்டில் டிவி பார்ப்பதே அந்த நிலையில்தான். மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அவள் மேல் கிளாஸே உயிரை வைத்திருக்கிறது. முந்தின நாள் பல் டாக்டர், அங்கே அவர்தான் ஆளும் பெரியவர், பெல்ட்டும் பெரியது, அவர் எழுந்து சொன்னாராம்.

"அவங்க மட்டும் தனியா நிக்கிறதா? நாம எல்லாரும் கூட நிப்போம். ஒரு மணி நேரம்தானே."

எல்லாரும் கை தட்டினார்களாம். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டதாம். கலங்கின கண்ணோடு யாருக்காவது யோசிக்க வருமா?

காலை ஏழு மணிக்கு இருபத்தேழு பேரும் குதிரை ஏறினார்கள். பத்து நிமிஷத்தில் குழாய் ரிப்பேர்காரருக்குத் தொடை தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. அரை மணியில் லைப்ரரி அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். பிரார்த்தனை என்று நினைத்தேன், உற்றுக் கேட்டால் பல் டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். என் மருமகள் சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்திவைத்தவள் மாதிரி சாவகாசமாக இருந்தாள்.

ஒன்பது மணிக்குச் சண்டை ஆரம்பம். அங்கே இன்னொரு வழக்கம், விட்டுக்கொடுத்து அடித்தால் நிற்கிறவரை அவமானப்படுத்தினதாக அர்த்தம். அதனால் ஒவ்வொருவரும் முழு மரியாதையோடு முழு பலத்தையும் காட்டினார்கள். அவள் தடுத்தாள், வாங்கினாள், திருப்பிக் கொடுத்தாள். என் மகன் உள்ளே உட்கார முடியாமல் வாசலில் கார் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கிடந்தான். பத்து சண்டைக்கு ஒரு தடவை ஐஸ் பையோடு கதவுக்கு வருவான்.

"அம்மா, எத்தனை?"

"முப்பது."

"நிக்கிறாளா?"

"பின்ன, முப்பதுன்னு எப்படிச் சொல்றேன்? உள்ள வந்து பாரேன்டா."

"வேண்டாம், நீங்களே பாருங்க."

ஐம்பதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது, மூச்சு வாங்குவது நடுவில் நிற்கிறவள் மட்டும் இல்லை. வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒருவருக்கு ஆடுசதை பிடித்துக்கொண்டது. ஒருவர் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. அறுபத்து மூன்றைத் தாண்டியபோது எல்லாரும் கை தட்டினார்கள், அதில் பாதிப் பேர் தரையில் படுத்தபடி தட்டினார்கள். எழுபதில் பதினோரு பேர். எண்பதில் ஐந்து பேர். மருமகளுக்கு உதடு வீங்கி, இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. ஆனாலும் கால் இரண்டும் ஊன்றி நின்றது.

எண்பத்தேழில் குழாய்க்காரர் ஒரு உதை விட்டார், விட்ட காலைக் கீழே வைக்கத் தெரியாமல் அப்படியே சரிந்தார். மிச்சம் பல் டாக்டர் ஒருத்தர்தான். எண்பத்தெட்டுக்கு அவர் போனார். மாஸ்டர் என் பக்கம் குனிந்தார்.

"அம்மா, இதுக்கப்புறம் ஆள் இல்ல."

"டாக்டரே மறுபடி..."

"அடுத்தடுத்து வரக் கூடாதே. இன்னொருத்தர் வேணும். இல்லன்னா எண்பத்தெட்டோட முடிஞ்சுது."

"நீங்க?"

"நான் தீர்ப்பு சொல்றவன். நான் இறங்க முடியாது."

சுவர் ஓரமாகப் பார்த்தோம். பிழிந்து போட்ட துணி மாதிரி வரிசையாகக் கிடந்தார்கள். லைப்ரரி அம்மா சுவரைப் பிடித்து எழுந்து பார்த்தாள், சுவரோடு சறுக்கி மறுபடி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து என் மகன் ஐஸ் பையோடு கதவில் வந்து நின்றான்.

மாஸ்டர் அவனையே பார்த்தார். "உங்க பையன் போன வருஷம் சேர்ந்தார்ல?"

"தொப்பையைக் குறைக்க ஆறு வாரம் வந்தான் மாஸ்டர். தொப்பை குறையறதுக்குள்ள ஆர்வம் குறைஞ்சுபோச்சு."

"பேர் இன்னும் ரிஜிஸ்டர்ல இருக்கு. வெள்ளை பெல்ட்தான், பரவாயில்ல. கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஐஸ் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு, நானா? அவளையா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

குழாய்க்காரர் படுத்தபடியே சட்டையைக் கழற்றி நீட்டினார். "போட்டுக்கங்க சார். ஈரமா இருக்கும், மன்னிச்சுக்கங்க."

மணி அடித்தது. என் மகன் தன் கைக்கு ஒரு சாண் நீளமான சட்டையில், யாரோ தள்ளிவிட்ட மாதிரி நடுவில் போய் நின்றான். மருமகள் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

எண்பத்தொன்பது ஆரம்பித்தது. அவள் ஒரு குத்து விட்டாள். இவன் கையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றான்.

"உதடு ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"பேசாம அடிங்க."

"ரத்தம் வருது பாரு."

"அடிங்கன்னு சொல்றேன்ல."

ஒரு நிமிஷமும் அப்படியே போனது. மணி அடித்தது, நான் அட்டையைத் திருப்பினேன். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"எதிராளி அடிக்கவே இல்ல. இது சேராது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பரீட்சை முடிஞ்சுது."

திருப்பின அட்டையை மறுபடி எண்பத்தெட்டுக்கே தள்ளினேன். நடுவில் ஒரு ஆள் நின்றுவிட்டதால் பல் டாக்டர் மறுபடி வரலாம் என்றார்கள். அவருக்குப் பாதி மூச்சுதான் திரும்பியிருந்தது, மீதியை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்து எண்பத்தொன்பதை அவர் முடித்துக் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷமும் என் மகன் என் பக்கத்தில்தான் நின்றான்.

"அம்மா, கை வரமாட்டேங்குதும்மா."

யார் மேலேயும் கை ஓங்காதே என்று அவனுக்கு மூன்று வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தது நான். அந்த வளர்ப்பு இப்போது இப்படி வந்து குறுக்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும். அரை நிமிஷ ஓய்வில் மருமகள் பல்லுக்குக் கவசமாக வாயில் வைத்திருந்த ரப்பரைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"என்னங்க, நீங்க என்னைக் காப்பாத்துறதா நெனச்சு நிக்கிறீங்க. இங்க இருக்கிற அத்தனை பேரும் அடிச்சாங்க, ஒருத்தராலயும் என்னை நிறுத்த முடியல. நீங்க அடிக்காம நின்னே நிறுத்திடுவீங்க போலிருக்கு."

அவன் நீளமான சட்டைக் கையை மடித்துக்கொண்டே நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், அவதான் கேக்கிறால்ல. போய் அடிடா உன் பொண்டாட்டிய."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. லைப்ரரி அம்மா சுவரோரத்திலிருந்து, "அத்தை, இந்த வசனத்தை வெளியில எங்கயும் சொல்லிடாதீங்க," என்றாள். மருமகள் வீங்கின உதட்டோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவன் கிளம்பினான் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறில் ஒரு குத்து விட்டான். அவள் வயிற்றுக் கவசத்தில் பட்டது. அவள் 'ம்' என்று தலையாட்டிவிட்டு அவன் தொடையில் ஒரு உதை விட்டாள். அவன் நொண்டிக்கொண்டே இன்னொன்று விட்டான். அதற்கப்புறம் டாக்டர் ஒன்று, இவன் ஒன்று. தொண்ணூற்று நான்கில் இரண்டு பேருக்கும் வாய் திறந்துகொண்டது.

"இது ஈரத் துண்டை மெத்தை மேல போடுறதுக்கு," என்று அவள் ஒரு குத்து விட்டாள்.

"அப்ப இது என் சார்ஜரைத் தூக்கிட்டுப் போறதுக்கு."

"ஒரு தடவைதான் எடுத்தேன்."

"நாலு தடவை."

"பேசக் கூடாது," என்றார் மாஸ்டர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

தொண்ணூற்று ஒன்பதை முடித்துவிட்டு டாக்டர் என் நாற்காலிக் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். மருத்துவம் படித்தவர், தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். நூறாவதுக்கு என் மகன் போனான். இரண்டு பேரும் கையைத் தூக்கவே யோசித்தார்கள். நாற்பது நொடி ஆகியிருக்கும். அவன் சும்மா ஒரு காலைத் தூக்கி வீசினான். ஆறு வாரத்தில் ஒரு நாளும் ஒழுங்காக வராத உதை அன்றைக்கு வந்தது. அவள் விலாவில் பட்டு, அவள் அப்படியே பக்கவாட்டில் விழுந்தாள்.

மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு.

என் மகன் ஓடிப்போய்க் குனிந்துவிட்டான். கை அவள் தோளுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"தொடாதீங்க சார்," என்று டாக்டர் கத்தினார். "தொட்டா போச்சு."

அவன் கையை இழுத்துக்கொண்டான். இழுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே குனிந்தபடி நின்றான். ஐந்து, ஆறு. அவள் ஒரு முழங்காலை ஊன்றினாள். ஏழு. கை வழுக்கியது. அவன் உதடு மட்டும் 'எழுந்திரு, எழுந்திரு' என்று அசைந்தது, சத்தம் வரவில்லை. எட்டு. அவன் பிடித்திருந்த பிடியில் அவன் விரல்களே வெளுத்துப்போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். ஒன்பதில் அவள் எழுந்துவிட்டாள். தானாக எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள், அவன் பொத்தென்று உட்கார்ந்தான், மணி அடித்தது.

நூறு.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் கூச்சல், அழுகை, ஐஸ். மாஸ்டர் ரிஜிஸ்டரில் அவள் பேருக்கு எதிரே நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால், என் மகனால் கார் பிரேக்கை மிதிக்கக் கால் தூக்க முடியவில்லை. ஆறு சண்டை, சேராத ஒன்றையும் சேர்த்தால் ஏழு. அவனைப் பின் சீட்டில் நீட்டிப் படுக்கவைத்துவிட்டு மருமகள்தான் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, அந்தக் கடைசி உதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல. மறுபடி போட வராது."

"வந்துடும். செவ்வாய்க்கிழமையிலிருந்து கிளாஸுக்கு வாங்க."

பின் சீட்டில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்குகிற மாதிரி நடித்தான், எனக்குத் தெரியாதா.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவன் அடித்த அடி எல்லாம் ஒன்றுமில்லை. ஒன்பது எண்ணுகிற வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றானே, அதுதான் அவனுக்குக் கஷ்டம். உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி, தூக்கிவிடக் கை துடித்தும் தூக்காமல் நின்ற நேரம் ஏதாவது இருந்திருக்கும். யாருக்காக நின்றீர்கள், அவர்கள் எழுந்தார்களா இல்லையா, எழுந்து உங்களையே ஒரு குத்து விட்டார்களா? கொஞ்சம் எழுதுங்கள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.