எந்தக் கிண்ணத்தில் எல்முராத்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. பக்கத்து வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்கிய ஒரு ரொட்டியிலிருந்து எடுத்தது. ஹாஜரக்காவின் மகன் எல்முராத் கட்டட வேலைக்கு ரஷ்யா கிளம்பியபோது அதில் ஒரு கடி கடித்துவிட்டுப் போனான். மிச்சத்தை அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும். எங்கள் உஸ்பெக் ஊரான மார்கிலானில் பிள்ளையைத் தூரதேசம் அனுப்புகிற தாய்மார்கள் இப்படித்தான் அனுப்புகிறார்கள். அவன் வரும்வரை ரொட்டி சுவரில் இருக்கும்.

கதை எழுதுகிறவளுக்கு இது போதும். ஆனால் எனக்குச் சோறு போடுவது கதையல்ல. காய்ந்த ரொட்டியை ஊறவைத்து அரைத்து, பருத்திச்செடித் தண்டின் நாரும் கொஞ்சம் கிளிசரினும் கலந்து, சூடான அச்சில் அழுத்தி நாற்றுக் கிண்ணம் செய்கிறேன். கன்றோடு மண்ணில் வைத்தால் கிண்ணம் மக்கிப்போகும், வேர் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சாப்பாட்டுத் தட்டுதான் செய்தேன். தெருவில் ஒருத்திகூட ஒரு துண்டு ரொட்டி தரவில்லை. "தின்னுட்டுக் குப்பையில போடவா? உவோல் அதுடி" என்றார்கள். ரொட்டியை அவமதிக்கும் பாவத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மண்ணுக்குப் போய் மரமாகும் என்றதும் மூட்டை மூட்டையாகத் தந்தார்கள்.)

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

நவ்ரூஸ் புத்தாண்டு நெருங்கிய ஒரு காலையில், வாதுமைப் பூக்கள்— (வேண்டாம். பூ யாருக்கு வேண்டும்?)

எல்முராத்தின் மனைவி சனோபர் சூதுவாது தெரியாதவள், அவள் தெரியாமல் செய்த ஒரு தவறு— (தெரியாமல்தான் செய்தாள் என்று எனக்கு யார் சொன்னது?)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். சனோபர் ஒரு மூட்டை காய்ந்த ரொட்டி கொண்டுவந்தாள். பார்க்காமல் தொட்டியில் கொட்டினேன், அரைத்தேன், அச்சில் போட்டேன். கிண்ணங்கள் ஆறிக்கொண்டிருந்தபோது ஹாஜரக்கா தலையில் துணிகூட இல்லாமல் பட்டறைக்குள் வந்தார். பின்னால் சனோபர்.

"ரொட்டியக் காணோம். ஆணி மட்டுந்தான் இருக்கு."

"சுண்ணாம்பு அடிக்க எறக்கி வச்சேன் அத்தை. மூட்டையோட கலந்துருச்சு" என்றாள் சனோபர், தரையைப் பார்த்தபடி.

ஹாஜரக்கா அவளைத் திட்டவில்லை. கிண்ணங்களைப் பார்த்தார்.

"இதுல எதுலடி இருக்கு எம்புள்ள ரொட்டி?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் அரைச்சேன்க்கா. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்."

"அப்ப எல்லாத்தையும் குடு."

"பண்ணைக்காரரு கேட்டு வச்சதுக்கா."

"பண்ணைக்காரன் புள்ளையா ரஷ்யாவுல இருக்கான்?"

கொடுத்தேன். நானே சுமந்துபோய் வைத்தேன். மறுநாள் பார்த்தால் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு கிண்ணம்.

3

இங்கேதான் கதை மாட்டிக்கொண்டது. தவறு என்று எழுதினால் பேனா இடறுகிறது. ரொட்டி குப்புறக் கிடந்தாலே பதறி எடுத்து நிமிர்த்துகிறவள் சனோபர். மாமியார் தினமும் முத்தமிடும் ரொட்டி அவள் கையில் எப்படிக் கலக்கும்? தனியாக அகப்பட்டபோது கேட்டேன்.

"வேணும்னுதான் போட்டேன்" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?"

"அவரு இல்லக்கா. சாரம் சரிஞ்சு விழுந்துட்டாரு. கூட வேலை பாத்தவரு போன் பண்ணாரு. அங்கேயே அடக்கமும் பண்ணிட்டாங்களாம்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு— (பொய். கட்டிக்கொள்ளவில்லை. அரவை இயந்திரம் சத்தம் போடுகிறதே என்று அதை நிறுத்தப் போனேன்.)

"உன் அத்தைக்கு?"

"சொல்ல வாய் வரல. அந்த ரொட்டி தொங்குற வரைக்கும் புள்ள வந்துருவான்னு இருக்காங்க. நான் என்னக்கா பண்ணட்டும்? அதைத் தின்ன முடியுமா, தூக்கித்தான் போட முடியுமா? அவருக்கு நம்ம ஊரு மண்ணு கெடைக்கல. அவரு வாய்பட்டதாவது இங்க மண்ணுக்குப் போகட்டும்னு நெனச்சேன். மண்ணுக்குப் போற மாதிரி நீங்கதானே செய்றீங்க."

எத்தனையோ பேருக்கு இந்தக் கிண்ணத்தை விளக்கியிருக்கிறேன். இவள் அளவுக்கு யாரும் புரிந்துகொண்டதில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

4

முடிவு, ஒன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறோம். (எழுதினேன். ஹாஜரக்கா சுவரைக் காட்டி, "ரொட்டிதான் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார். என் கதையிலேயே என் பேச்சு எடுபடவில்லை.)

முடிவு, இன்னொன்று: வந்த செய்தி தவறு, எல்முராத் பெட்டியோடு வாசலில்— (இதைப் பலமுறை எழுதினேன். வாசல் வரை வருகிறான். எத்தனை கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டேன் என்கிறான்.)

5

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சுவரில் தொங்கிய கிண்ணங்கள் இளகின, ஓரங்களில் பூசணம் பூத்தது. அதற்காகத்தானே அவற்றைச் செய்தேன்.

இன்று ஹாஜரக்கா மடிநிறையக் கிண்ணங்களோடு வந்திருக்கிறார். மிச்சத்தைச் சனோபர் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"கெட்டுப்போகுதுடி. மேல எதையாவது பூசி, கெடாமப் பண்ணிக் குடு."

கதவுக்குப் பூச வாங்கிய வார்னிஷ் அலமாரியில் இருக்கிறது. ரெண்டு பூச்சு கொடுத்தால் ஈரம் அண்டாது. அப்புறம் புதைத்தாலும் லேசில் மக்காது. முற்றத்தில் ஆப்ரிகாட் கன்றுகள் கிண்ணத்துக்காகக் காத்திருக்கின்றன. சனோபரின் கண் அங்கேதான் போகிறது.

"என்னடி முழிக்கிற? பூசுவியா மாட்டியா?" என்கிறார் ஹாஜரக்கா.

டப்பாவைத் திறந்துவிட்டேன். தூரிகையையும் எடுத்துவிட்டேன். அதற்குமேல் கை

(நகரவில்லை. வாக்கியமும் நகரவில்லை.)

நீங்கள் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்துதானே படித்தீர்கள். எழுந்து வாருங்கள், தூரிகையைப் பிடியுங்கள். அவன் செத்தது உங்களுக்கும் தெரியும், ஹாஜரக்காவுக்கு மட்டும் தெரியாது. இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெண்டாட்டி. ரெண்டு பேரும் இப்போது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.