யார் வீட்டுக்குப் போவீர்கள்?

நிதி கொடுக்கிற நிறுவனத்திலிருந்து ஆள் வருகிறார் என்றதும் அந்தக் கூடத்துக்கே காய்ச்சல் கண்ட மாதிரி ஆகிவிட்டது. நாற்காலிகளைத் துடைத்தார்கள், சுவரெல்லாம் புகைப்படம் ஒட்டினார்கள். அகதிகளாக வந்தவர்களை உள்ளூர்க்காரர்களோடு ஜோடி சேர்த்துப் பழகவைக்கும் திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷத்தோடு நிதி முடிகிறது. மறுபடி கிடைத்தால்தான் கூடம் திறந்திருக்கும்.

டிரைவருக்குப் புதன்கிழமை என்றால் அந்தக் கூடம்தான். சொந்த நாட்டில் பஸ் ஓட்டியவர் என்பதால் எல்லாரும் அவரை டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். இங்கே அவருக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கைவிரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துப் போடவேண்டும். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. மனைவியும் மகளும் இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம், முகாமில். போனில் கேட்கிற குரல்தான் அவருக்குக் குடும்பம்.

அவருக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா. வாய் மூடாத பேச்சு. இவர் தப்பும் தவறுமாகப் பேசுவதைத் திருத்துவார், பேருந்து நிறுத்தப் பலகைகளைப் படிக்கச் சொல்லுவார். முதல் மாதம் டிரைவர் சிரிப்பு வந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "சிரிப்பு வந்தா சிரிச்சிருங்க தம்பி, அதுக்கெல்லாம் விசா கேக்க மாட்டாங்க" என்றார். இந்த ஊருக்கு வந்து டிரைவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் நர்ஸம்மா அவருக்கு அக்கா ஆகிவிட்டார்.

வந்த அதிகாரி சாந்தமான மனிதர். எல்லாரிடமும் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்து டிரைவர் எதிரே உட்கார்ந்தார்.

"இந்தக் கூடத்துக்கு வெளியில நீங்க யார் வீட்டுக்குப் போவீங்க?"

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரிக்குப் பின்னால் திட்டத்தை நடத்துகிற பெண் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வேலையும் இந்த நிதியில்தான் ஓடுகிறது.

"அக்கா வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா போயிருவேன். சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்."

அதிகாரி நர்ஸம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆமா, கூடப்பிறந்தவன் மாதிரி" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். சொன்ன பொய் நிஜமாகிவிடாதா என்று ஒரு நப்பாசை. சாயங்காலம்வரை போன் அடிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை நர்ஸம்மா குளிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நிதி கிடைத்துவிட்டது. திட்டத்துப் பெண் ஓடிவந்து டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, உங்களாலதான். நீங்க சொன்னதை அப்படியே அறிக்கையில எழுதியிருக்காங்க. இனிமே புதுசா வந்தவங்களுக்குத்தான் இங்க இடம்னு நிபந்தனை. ஊரோட ஒட்டிக்கிட்டவங்க விலகி வழி விடணும். நீங்கதான் முதல் ஆள். சந்தோஷந்தானே?"

சொன்னது பொய் என்று இப்போது வாயைத் திறந்தால் எல்லாருக்குமே இடம் போய்விடும்.

"சந்தோஷந்தாம்மா" என்றார்.

நர்ஸம்மா வாசல்வரை கூடவே வந்தார். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"வீட்டுக்கு வாங்கன்னு எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. அது மகன் வீடு. எனக்கு அதுல ஒரு ரூம், அவ்வளவுதான். வெளிய இருந்து வந்தவங்கன்னா அவனுக்கு ஆகாது."

"தெரியும்க்கா" என்றார் டிரைவர். அவருக்குத் தெரியாது.

"பொய் சொல்லிட்டீங்களேன்னு எனக்குக் கோவமில்ல. அது நெஜமா இருக்கக்கூடாதான்னுதான் இருந்துச்சு."

"உள்ள போங்கக்கா, குளிருது."

அடுத்த புதன்கிழமையும் வழக்கம்போல அவருக்கு வார விடுமுறை. குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவரைக் கால்கள் பழக்கத்தில் கூடத்துத் தெருவுக்கே கொண்டுபோய்விட்டன. கண்ணாடி வழியாகப் பார்த்தார். நர்ஸம்மாவுக்கு எதிரே, மடியில் குழந்தையோடு ஒரு புதுப்பெண். நர்ஸம்மா ஏதோ சொல்ல, அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரைவர் கதவுக்குப் பக்கத்தில் போகவில்லை.

திரும்பி நடக்கும்போது மனைவி கூப்பிட்டாள்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

"உங்களுக்குன்னு ஒரு ஆளாவது இருக்காங்களே, அதுவே எனக்கு நிம்மதி. நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

மறுநாள் சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் போய், புதன்கிழமை விடுமுறையை வேறு நாளைக்கு மாற்றித் தரச் சொன்னார்.

"எந்த நாளு வேணும்?"

"எந்த நாளா இருந்தாலும் சரிங்க" என்று சொல்லிவிட்டு, டிரைவர் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு இயந்திரங்களின் பக்கம் போனார்.